பெட்டியில் இருந்தவன்

பதுளை,
17-1-1955

திரு. வ. கனகரத்தினம் அவர்களுக்கு,

வாய் மூடி இருந்தது போதும். ஏழு வருடமாக நான் உமக்கு எழுதவில்லை. நீர் எழுதிய ஒரேயொரு கடிதத்தையும் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். நான் சுகம். மடுல்சீமைத் தோட்டத்து மருந்துச்சாலையில் நீரும் என் தங்கை யோகமலரும் சுகமாக இருப்பதாகக் கேள்வி. அவளை உமக்குக் கட்டிக் கொடுத்த பாவத்துக்காகத்தான் இவ்வளவு காலமும் பொறுத்தேன்.

இன்று அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்குப் போகும் வழியில், மாணிக்கராஜின் மோட்டார் சாமான் கடைச் சுவரில் ஓர் அறிவித்தல் கண்டேன். வரும் ஆகஸ்டில் ஹாலிஎலைக்கு மேலேயுள்ள தோட்டத்து ரோட்டில் மறுபடியும் மோட்டார் சைக்கிள் போட்டியாம். சனிக்கிழமை பழக்கம், ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். அடியில், ‘1948ஆம் ஆண்டுச் சைட்கார் வெற்றிவீரர் கனகரத்தினமும் கலந்துகொள்கிறார்.’ வெற்றிவீரர்! நடுத்தெருவில் நின்று தனியே சிரித்தேன்.

சைட்கார் என்னும் பக்கப்பெட்டி பூட்டிய வண்டியை ஒருவன் தனியே ஓட்டிவிட முடியாது. இடப்பக்க முடக்கு, அதாவது வளைவு, வந்தால், பெட்டியில் இருப்பவன் இடப்பக்கம் வெளியே சரிந்து தொங்க வேண்டும். வலப்பக்க முடக்கென்றால் ஓட்டுபவனின் முதுகுக்குப் பின்னால் சாய வேண்டும். இல்லாவிட்டால் சில்லு நிலத்தை விட்டு எழும்பி வண்டி கவிழும். ஓட்டுபவனுக்குப் பிடிக்க ஹாண்டில் இருக்கிறது. பெட்டியில் இருப்பவனுக்கு மற்றவன் மேலுள்ள நம்பிக்கைதான் இருக்கிறது. அந்த நம்பிக்கையோடு கடைசிச் சுற்றில் கோயில் முடக்கில் நான் சரிந்தேன். நீர் ஒரு வெட்டு வெட்டினீர். நான் தேயிலைக்குள் போய் விழுந்தேன். நீர் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையிலும் காலிலும் பிடித்து என்னை வெளியே இழுத்தார்கள். அவர்களில் பெரியாயி என்பவள், “என்னங்க ஐயா, கூடையில்லாம கொழுந்து பறிக்க வந்தீங்களா?” என்று கேட்டாள். கங்காணி உட்பட மலை முழுவதும் சிரித்தது. அதற்குள் நீர் மூடுபனியில் தேயிலை ஸ்டோர் முற்றத்து முடிவுக் கோட்டைத் தாண்டிவிட்டீர். பெட்டியில் ஆளில்லாமல் தாண்டினால் வெற்றி செல்லாது என்பது விதி. பெட்டிக்குள் கிடந்த என் மழைக்கோட்டை நான் என்று எண்ணிக் கொடி வீசிவிட்டார்கள். உமக்கும் கோட்டுக்கும் கிண்ணம். எனக்குப் பெரியாயி வீட்டுத் தேத்தண்ணி.

கிண்ணத்தோடு நிற்கும் உமது படம் மாணிக்கராஜின் கடைக்குள் தொங்குகிறது. அந்தக் கடைக்குள் நான் கால் வைப்பதில்லை. தெருவுக்கு மறுபக்கம் நின்றாலே உமது பல் தெரிகிறது.

ஆகஸ்டுக்கு முன் கிண்ணத்தில் என் பெயரையும் வெட்டுவியும். அல்லது வெறும் பெட்டியோடு வென்றேன் என்று எழுதி அதைத் திருப்பிக் கொடும். இரண்டில் ஒன்று நடக்காமல் விடமாட்டேன்.

யோகமலரைக் கேட்டதாகச் சொல்லவும்.

சி. சிதம்பரநாதன்


மடுல்சீமை,
3-3-1955

அன்பின் மச்சான்,

உன்ர எழுத்தைக் கண்டதே எங்களுக்குப் பாதிச் சுகம். மறுமொழி சுணங்கினதுக்குக் கோவிக்காதை. மழையில ரோட்டு ஓரிடத்தில இறங்கிப்போச்சு. தபாலும் நானும் இந்தப் பக்கம், பதுளை அந்தப் பக்கம். தொழிலாளர் லயங்களில வேற காய்ச்சல். யோகமலர் ஒரு ஆடு வாங்கியிருக்கிறா. அது மருந்துச்சாலைக்குள்ள வந்து பஞ்சு தின்னுது. நான் கலைச்சால் அவ என்னைக் கலைக்கிறா.

நீ எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். பிழை ஒண்டும் இல்லை.

மச்சான், இப்ப நீ என்ன நிறை? பெட்டிக்கு ஒரு ஆள் வேணும். எங்கட லொறி ஓட்டுற தேவதாசன் தான் வாறன் எண்டு நிக்கிறான். ஏத்திப் பாத்தன். முடக்கு வந்தால் சரியிறதுக்குப் பதிலா ஹோர்ன் எங்கை எண்டு தடவுறான். உன்னை மாதிரிச் சரியிறதுக்கு இந்த ஊவா மாகாணத்தில வேற ஆள் இல்லை. யோசிச்சு எழுது.

உன்ர மனுசி குணமணிக்கும் எங்கட அன்பு.

கனகு


பதுளை,
20-3-1955

கனம் காரியதரிசி அவர்கள்,
மோட்டார் சைக்கிள் போட்டிச் சபை.

ஐயா,

தாழ்மையாய் அறியத் தருவது யாதெனில், 1948ஆம் ஆண்டு சைட்கார் போட்டியில் வென்றதாகச் சொல்லப்படும் வண்டி கோட்டைத் தாண்டியபோது, அதன் பெட்டியில் ஒரு மழைக்கோட்டைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை. அதிலிருந்து விழுந்தவர் கல்வியிலும் பதவியிலும் மதிக்கத்தக்கவர். இன்றும் குளிருக்கு அவருடைய இடது முழங்கால் நோகிறது. தங்கள் சபையின் நற்பெயரை முன்னிட்டு இதை விசாரித்து, ஆவன செய்யும்படி வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உண்மை விரும்பி


பதுளை,
28-3-1955

மதிப்புக்குரிய சிதம்பரநாதன் ஐயா அவர்களுக்கு,

கர்த்தர் கிருபையால நானும் வீட்டில செசிலியும் நல்லா இருக்கோம். நீங்களும் அம்மாவும் நல்லா இருக்க வேண்டிக்கிறோம்.

நீங்க பேர் போடாம அனுப்பின கடிதம் கிடைச்சது. என் கடை வாசல்ல டயர் அடுக்கியிருக்குன்னு நகரசபைக்குப் போன மொட்டைக் கடிதமும் இதே பச்சை மையிலதான் இருந்துச்சு. அதோட, இந்தப் பதுளையில என்னை ‘கனம் காரியதரிசி’ன்னு கூப்பிடுற ஒரே மனுஷன் நீங்கதான். அதுக்கு ரொம்ப நன்றிங்க.

அன்னைக்கு நடந்தது எனக்கு நல்லாத் தெரியும். நானும் அங்க நின்னவன். வெளிய சொல்லப்படாதுன்னு ஒருத்தர் வாயைக் கட்டிட்டார். நீங்க ஒரு நாளைக்கு உள்ள வந்து அந்தப் படத்தைக் கிட்ட நின்னு பாருங்க. தேத்தண்ணி ஊத்தித் தர்றேன்.

இந்த வருஷத்துல இருந்து கிண்ணத்துல பெட்டியில இருக்கிறவர் பேரையும் சேர்த்து வெட்டுறோம். உங்க மச்சான் பேரைப் பதிஞ்சிருக்கார். பெட்டிக்கு நேரா மட்டும் ஒண்ணும் எழுதல. நீங்க ஏறலைன்னா அவர் பேரையும் பட்டியல்ல இருந்து எடுத்துடணுமாம். வேற யாரையும் ஏத்த மாட்டாராம். ஜூன் முடியிறதுக்குள்ள சொல்லுங்க.

இப்படிக்கு,
த. மாணிக்கராஜ் (கனம் காரியதரிசி)


மடுல்சீமை,
19-4-1955

அன்புள்ள அண்ணா,

வருசப் பிறப்புக்குச் செய்த பயத்தம் உருண்டையும் முறுக்கும் தேவதாசனிட்டக் குடுத்து அனுப்புறன். முறுக்கு உடைஞ்சிருந்தால் அவற்ற லொறியைத்தான் கேக்கவேணும். உங்கட முழங்காலுக்கு இவர் ஒரு எண்ணெய் தந்திருக்கிறார். உங்களுக்கு முழங்கால் நோகுது எண்டு ஆர் சொன்னது எண்டு கேட்டன். மாணிக்கராஜ் எண்டார்.

அண்ணா, நீங்கள் கோவமாய் இருக்கிறது எனக்கு விளங்குது. ஆனா இவர் பின்னேரத்தில வண்டியை வெளிய எடுத்து, வெறும் பெட்டியைத் துடைச்சுப்போட்டுத் திரும்ப உள்ள விடுறார். ஓடுறதில்லை. ஆடும் நானும் பாத்துக்கொண்டு இருக்கிறம். நீங்கள் ஒரு சொல் எழுதினால் போதும்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
யோகமலர்


பதுளை,
22-5-1955

கனகரத்தினம் அவர்களுக்கு,

பலகாரம் கிடைத்தது. முறுக்கு தூளாகத்தான் வந்தது. தேவதாசனை நான் மறக்க மாட்டேன்.

பெட்டியில் ஏறுகிறேன். பாசத்தால் அல்ல. 1948இல் எனக்கு வராமல் போன பெயரை இந்த வருடம் வெட்டுவித்துக்கொள்ள இது ஒன்றே வழி. வென்றால் அது இருவர் பெயரும் பொறித்த கிண்ணம். அதன்பின் நீர் உமது வழி, நான் என் வழி. தோற்றால் பழைய கதையை மேடையில் ஏறிச் சொல்லுவேன்.

பெட்டிக்குள் நல்ல கைப்பிடி இரண்டு பூட்ட வேண்டும். கோயில் முடக்கில் வேகத்தைக் குறைக்க வேண்டும். சவாரியின்போது உமக்குப் பழக்கமான அந்தச் சீட்டி அடித்தல் கூடாது. மழைக்கோட்டு நான் கொண்டுவரப் போவதில்லை.

சி. சிதம்பரநாதன்

அண்ணை, குணமணி எழுதுகிறேன். இவர் கடிதத்தை ஒட்டித் தரச் சொன்னார், நான் ஒட்ட முதல் இதைச் சேர்க்கிறேன். பின்னேரங்களில் மர வாங்கிலில் இருந்துகொண்டு இடப்பக்கம் சரிந்து சரிந்து பழகுகிறார். பக்கத்து வீட்டு றஷீதா வந்து, “ஐயாவுக்கு வாதமா?” என்று கேட்டுவிட்டுப் போனா. கைப்பிடியை மறக்காமல் பூட்டுங்கோ.


மடுல்சீமை,
10-7-1955

அன்பின் மச்சான்,

கைப்பிடி பூட்டியாச்சு. ரெண்டு கேட்டாய், மூண்டு இருக்கு. சீட்டி அடிக்க மாட்டன்.

எனக்கும் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு முடக்கும் தாண்டினதும் நான் “இருக்கிறியா?” எண்டு கேப்பன். நீ “இருக்கிறன்” எண்டு சொல்லவேணும். சத்தமாய்ச் சொல்லவேணும், எஞ்சின் இரைச்சலில கேக்காது. நீ சொல்லாட்டில் நான் நிப்பாட்டிப்போடுவன். கிண்ணம் ஆருக்குப் போனாலும் சரி.

ஆடு குட்டி போடுற நாள் கிட்டுது. அதால யோகமலர் வரமாட்டா. உனக்கெண்டு இடியப்ப மாவும் மாசிச் சம்பலும் கட்டித் தாறா.

கனகு


பதுளை,
25-8-1955

அன்புள்ள தங்கை யோகமலருக்கு,

ஆடு இரண்டு குட்டி போட்டதாக அறிந்தேன். மூன்றும் சுகமாக இருக்கட்டும். இங்கே நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனம்தான்.

சனிக்கிழமை நன்றாகவே போனது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேவதாசனின் லொறியில் போய் இறங்கினோம். பூனாகலையிலிருந்து வீரய்யாவும் கணபதியும் தங்கள் வண்டியோடு வந்திருந்தார்கள். வீரய்யா ஓட்டுபவன், கணபதி பெட்டியில். தியத்தலாவையிலிருந்து ஒரு சோடி. ஸ்டோர் முற்றத்தில் செசிலி ரொட்டி சுடச்சுட, ஒருவர் கையிலிருப்பதை மற்றவர் பறித்துத் தின்றோம். கச்சான் காற்றில் எல்லாவற்றிலும் மண். கணபதி என்னைப் பார்த்து, “ஐயா, இந்த வயசுல தொங்கிறீங்களே, கச்சேரியில லீவு குடுத்தாங்களா, பென்சன் குடுத்தாங்களா?” என்றான். “நீ நாளைக்கு என் முதுகைப் பார்த்துக்கொண்டு வா” என்றேன். உன் புருஷன் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. நானும் சிரித்திருப்பேன். தூசி கண்ணில் விழுந்திருந்தது.

ஞாயிறு காலை மூன்று வண்டிகள் கிளம்பின. ஒவ்வொரு முடக்கிலும் அவர் “இருக்கிறியா?” என்பார், நான் “இருக்கிறன்!” என்பேன். முதல் சுற்றில் தோட்டத்துச் சனம் பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டாம் சுற்றில் அவர் கேட்க, மலை முழுவதும் எனக்கு முந்தி “இருக்காரு!” என்று கத்தியது. தங்கச்சி, நான் நன்றாகச் சரிந்தேன். தேயிலைச் செடி என் காதைத் தடவிக்கொண்டு போனது. அவர் ஒரு முறைகூட என்னைக் குலுக்கவில்லை. இதை அவரிடம் சொல்லாதே.

கடைசிச் சுற்று. வீரய்யா முன்னால், நாங்கள் அவனுக்குப் பின்னால், தியத்தலாவைச் சோடி எங்களுக்குப் பின்னால். கோயில் முடக்கில் வீரய்யா ஒரு வெட்டு வெட்டினான். கணபதி பெட்டியிலிருந்து பறந்துபோய்த் தேயிலைக்குள் விழுந்தான். வீரய்யாவுக்குத் தெரியாது, போய்க்கொண்டே இருந்தான். வெறும் பெட்டி. அவன் வெற்றி செல்லாது. இனிக் கிண்ணம் எங்களுடையது. என் பெயர் அதில் வெட்டப்படுவதை என் கண்ணால் கண்டேன்.

உன் புருஷன் பிரேக்கைப் பிடித்தார். வண்டியை நடு ரோட்டில் விட்டுவிட்டுத் தேயிலைக்குள் குதித்தார். தியத்தலாவைச் சோடி எங்களைத் தாண்டிப் போய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டது. நான் ஒரு வார்த்தை சொன்னேன், அது கிடக்கட்டும். கணபதிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவனை இழுத்தெடுத்த பெரியாயி என்னைக் கண்டுவிட்டு, “அட, கூடையில்லாத ஐயா! இந்தத் தடவை வேற ஆளை அனுப்பிட்டீங்களா?” என்றாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் பஸ்ஸில் வீடு வந்தேன்.

எனக்காக நிற்காத மனிதர், யாரோ ஒரு கணபதிக்காக நின்றார். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அண்ணன்,
சிதம்பரநாதன்


மடுல்சீமை,
5-9-1955

அன்புள்ள அண்ணா,

குட்டிகள் துள்ளித் திரியுதுகள். ஒண்டுக்குக் கணபதி எண்டு இவர் பேர் வைச்சிருக்கிறார். மற்றதுக்கு உங்கட பேரை வைக்க நான் விடவில்லை.

நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்ன எண்டு இவரைக் கேட்டன். “நினைவில்லை” எண்டார். ஆனா தேவதாசன் வந்து எங்கட முற்றத்தில நடிச்சே காட்டினவர். கதிரையில இருந்து இடப்பக்கம் தொங்கிக்கொண்டு, உங்கட குரலில: “நிக்காதையும்! விடும்! அவன் தேயிலைக்குள்ளதானே விழுந்தவன், சாகமாட்டான், நீர் போம்!” அண்ணா, நான் சிரிச்ச சிரிப்பில ஆடு பயந்து ஓடிப்போச்சு. ஏழு வருசமாய் நிக்கேல்லை, நிக்கேல்லை எண்டு கோவிச்ச ஆள் நீங்கள்!

இனி நான் சொல்லப்போறதை இவர் சொல்லக்கூடாது எண்டவர். நான் சொல்லுறன். அண்டைக்கு மூடுபனியில கோட்டைத் தாண்டின பிறகுதான் பெட்டியைப் பாத்தவராம். மழைக்கோட்டு மட்டும் கிடந்ததாம். “எனக்குக் கிண்ணம் வேண்டாம், பெட்டியில இருந்த ஆள் எங்கை?” எண்டு கத்திக்கொண்டு வந்த வழியே கீழ ஓடினவர். பரிசு குடுக்க வந்த தோட்டத்துத் துரைசாணி மழைக்கு முதல் போகவேணும் எண்டு நிண்டா. வேற வழியில்லாமல் மாணிக்கராஜும் தேவதாசனும் வண்டி ஓட்டின ஆக்கள் மாதிரிக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு போய்க் கிண்ணத்தை வாங்கினவை. இவர் பெரியாயி வீட்டுக்குப் போய்ச் சேர, நீங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டுப் பஸ் ஏறிவிட்டியள். உங்கட சப்பாத்து ஒண்டு தேயிலைக்குள்ள கிடந்ததாம். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட்வரை நடந்தவர். அந்தச் சப்பாத்து இப்பவும் இங்க இருக்கு.

ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டால், “விட்டிட்டுப் போனது போனதுதானே, பிறகு தேடினதைச் சொல்லி என்ன?” எண்டுறார். கிண்ணமும் எங்கட வீட்டில இல்லை. மாணிக்கராஜ் அதுக்குள்ள நட்டும் ஆணியும் போட்டு வைச்சிருக்கிறாராம். நீங்கள்தான் அந்தக் கடைக்குள்ள போறதில்லையே.

உங்கட தங்கை,
யோகமலர்


பதுளை,
18-9-1955

கனம் காரியதரிசி அவர்கள்,
மோட்டார் சைக்கிள் போட்டிச் சபை.

ஐயா,

தாங்களும் தங்கள் மனைவி செசிலியும் சுகமாக இருப்பதை நேற்று நேரில் கண்டேன். தாங்கள் ஊற்றித் தந்த தேத்தண்ணியில் சீனி கூடிப்போயிற்று. அதைத் தவிரத் தங்கள் கடையைப் பற்றிச் சொல்ல என்னிடம் குறை இல்லை. டயர்களும் ஒழுங்காகவே அடுக்கப்பட்டிருக்கின்றன.

படத்தைக் கிட்ட நின்று பார்த்தேன். இத்தனை காலமும் தெருவுக்கு மறுபக்கத்திலிருந்து நான் வெறுத்து வந்த பல் தங்களுடையது. பெட்டியில் என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி இருப்பவன் தேவதாசன். கோட்டு அவனுக்கு இறுக்கம். அந்தப் படத்தில் நான் தேடிய மனிதர் எங்குமே இல்லை. அவர் அந்நேரம் எங்கே ஓடிக்கொண்டிருந்தார் என்று எனக்கு இப்போது தெரியும்.

ஆகவே, தாழ்மையாய் அறியத் தருவது யாதெனில்: 1948ஆம் ஆண்டுக் கிண்ணத்தைப் பற்றி ‘உண்மை விரும்பி’ என்பவர் அனுப்பிய மனுவைக் கிழித்துவிடலாம். நட்டும் ஆணியும் அதற்குள்ளேயே இருக்கட்டும். அடுத்த வருடம் முதல், விழுந்தவனைத் தூக்க நிற்கும் வண்டிக்கு அது நின்ற நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும் என்று சபை ஒரு விதி செய்ய வேண்டும். அப்படி ஒரு விதி இருந்திருந்தால் இந்த ஆகஸ்டில் கிண்ணம் எங்களுக்கு, அதாவது மடுல்சீமைச் சோடிக்கு, கிடைத்திருக்கும். நிற்க வேண்டாம் என்று பெட்டியில் இருந்தவர் கத்தியதாகத் தேவதாசன் நடித்துத் திரிகிறான். எஞ்சின் இரைச்சலில் யாருக்கு என்ன கேட்டிருக்கும் என்று சபை தானே தீர்மானிக்கட்டும்.

அடுத்த வருடத்துக்குக் கனகரத்தினத்தின் பெயரைப் பதியும்போது பெட்டிக்கு நேரே வெறுமையாக விடவேண்டாம். யார் என்று அவரைக் கேட்கவும் வேண்டாம். அவர் தங்கள் கடைக்கு வந்து “இருக்கிறானா?” என்று கேட்டால், “இருக்கிறார்” என்று மட்டும் சொல்லவும். சத்தமாகச் சொல்லவும்.

இதன் கீழே என் பெயரை எழுதினால், மைத்துனனுக்காக மைத்துனன் மனுப் போட்டான் என்று ஊர் சொல்லும். விதி நிறைவேறாது. இதுவரை நான் எழுதிய மற்ற இருபது மனுக்களும் பிறர்மேல் குற்றம் சொல்லி எழுதியவை. அவற்றிலெல்லாம் பெயர் போடாமல் இருக்க எனக்குக் கை கூசியதில்லை. இதில்தான் பேனா கீழே வரை போய் நின்று நின்று வருகிறது. ஆனாலும் மை பச்சைதான், தாங்களும் கனம் காரியதரிசிதான். குணமணி வாசலில் நின்று, தெருத் தபால்பெட்டியில் தபால் எடுக்க வந்துவிட்டார்கள் என்கிறாள். கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.